கடல் தாண்டிய கூட்டுப் பாடத்துக்கு எது உதவும்? மட்டக்களப்பு, அம்பாறை மொழி ஆசிரியப் பயிற்சியாளருக்காக நான்கு இலவசச் சேவைகளின் மதிப்பீடு

வெளிநாட்டுக் கல்லூரியொன்றோடு இணையவழிக் கூட்டுப் பயிற்சி என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, “ஸூம் எத்தனை மணிக்கு?” என்பதுதான். மொழி ஆசிரியப் பயிற்சிக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளிலும் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரிய ஆலோசகர்களின் வார இறுதிப் பயிற்சிகளிலும் இப்படியொரு முயற்சியைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, காசில்லாமல் கிடைக்கும் நான்கு சேவைகளை இங்கே எடை போடுகிறோம்: கூகுள் டொக்ஸ், பேட்லெட், வட்ஸ்அப், ஸூம். எங்கள் தரவரிசையும் இதே வரிசைதான்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுவது நல்லது. லப்டொப்பும் பைபர் இணைப்பும் உள்ள அறையை வைத்து நாங்கள் பார்க்கவில்லை. வாகரையிலோ திருக்கோவிலிலோ வீட்டுத் திண்ணையில் இருந்து, முற்கொடுப்பனவு டேட்டா போட்ட கைபேசியில் வேலை செய்யும் ஆசிரிய பயிலுநரை வைத்தே பார்த்தோம். மார்கழி மழையில் கரண்ட் போகும், சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும். அந்த நாளிலும் வேலை நடக்கிறதா என்பதுதான் எங்கள் சோதனை.

நாடு கடந்த இணையவழிக் கூட்டுப் பயிற்சி என்ற இந்தத் துறை புதியதல்ல. 1997இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘குல்துரா’ என்ற திட்டத்தில், அமெரிக்க மாணவரும் பிரெஞ்சு மாணவரும் ஒரே சொற்களுக்குத் தத்தம் மொழியில் மனதில் பட்டதை எழுதி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2006இல் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம் இப்படியான கூட்டுப் பாடநெறிகளுக்கென்றே ஒரு நிலையம் அமைத்தது. 2017 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றிய ஆதரவில் நடந்த ‘இவாலுவேட்’ திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய பயிலுநரை நாடு விட்டு நாடு இணைத்து ஆராய்ந்தது. இவற்றிலிருந்து நமக்குக் கைக்கு வருவது மூன்று படிகள்: முதலில் தகவல் பரிமாறு, பிறகு ஒப்பிட்டுப் பார், கடைசியாகச் சேர்ந்து ஒன்றைச் செய். மூன்றாவது படிக்குப் போகாத பரிமாற்றம் அறிமுகக் கூட்டத்தோடு முடிந்துவிடும். பயிலுநர் நண்பர்களாவார்கள், ஆனால் பாடம் நடத்தும் கையில் எந்த மாற்றமும் வராது.

ஐரோப்பியப் பாடசாலைகளுக்கு 2005இலிருந்தே ‘ஈ-டுவினிங்’ என்ற ஆயத்தத் தளம் இருக்கிறது. கூட்டாளியைத் தேடுவது, திட்ட அறை, பாதுகாப்பு எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. ஆனால் அதில் சேரக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால்தான் நாம் உதிரிச் சேவைகளைக் கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மதிப்பீட்டுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட அமைப்பு இதுதான். இங்கே 12 பேர், அங்கே 12 பேர். நால்வர் கொண்ட ஆறு குழுக்கள், ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். ஒருவருக்கு ஒருவர் என்று சோடி சேர்க்க வேண்டாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ டேட்டா தீர்ந்தாலோ மற்றவர் தனித்துப் போவார், அந்தச் சோடி அத்தோடு கலைந்துவிடும். காலம் எட்டு வாரம்: முதல் இரண்டு அறிமுகத்துக்கு, அடுத்த இரண்டு ஒப்பீட்டுக்கு, மூன்று வாரம் கூட்டுப் பாடத்துக்கு, கடைசி வாரம் பாடத்தை நடத்திப் பார்த்துத் திருத்துவதற்கு.

கூகுள் டொக்ஸ்தான் இந்த நான்கிலும் உண்மையான பயிற்சிக் கருவி. அதன் ‘பரிந்துரை’ முறையில் எழுதினால் மற்றவர் எழுதியது அழியாது. உங்கள் திருத்தம் வேறு நிறத்தில் நிற்கும், எழுதியவர் ஏற்கலாம், மறுக்கலாம். கைபேசிச் செயலியிலும் இது இருக்கிறது. கோப்பை ‘இணையமின்றி’ என்று குறித்து வைத்தால் சிக்னல் இல்லாத நேரத்திலும் எழுதலாம். இணைப்பு வந்ததும் தானாக ஏறிக்கொள்ளும். படங்களைச் சேர்க்காத வரை, ஒரு பாடக்குறிப்பை மூன்று வாரம் நால்வர் திருத்தினாலும் ஒரேயொரு ஸூம் கூட்டத்துக்கு ஆகும் டேட்டாவைக்கூட அது தொடாது.

ஒரு உதாரணத்தோடு பார்த்தால் இதன் பயன் விளங்கும். தரம் 7க்கு ‘வழி சொல்லுதல்’ பற்றிய ஆங்கிலப் பாடம். ஜெர்மன் பயிலுநர் தன் நகரத்து ரயில் வரைபடத்தையும் தெருப் பெயர்களையும் கொண்டு வருவார். அதே பாடத்தை மட்டக்களப்பில் நடத்தினால், பஸ் நிலையத்திலிருந்து கல்லடிப் பாலத்துக்கு வழி கேட்கும் எந்தப் பிள்ளையும் தெருப் பெயர் சொல்லாது. மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி, காந்தி பூங்காவுக்குப் பக்கத்தால, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால என்றுதான் சொல்லும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரே நெடுஞ்சாலையில் வாழும் பிள்ளைக்கு ‘இரண்டாவது இடப்புறம் திரும்பு’ என்ற வசனத்தைவிட ‘பள்ளிக்கு எதிரே’, ‘சந்திக்குச் சற்று முன்னால்’ என்பவையே முதலில் தேவை. ஆகவே அங்கே பாடத்தின் மையம் ஏவல் வினையும் எண் வரிசையும் என்றால், இங்கே அது முன்னிடைச்சொற்கள். ஒரே தலைப்பு, ஒரே தரம், ஆனால் மொழிக்கூறு வேறு. இரண்டு பயிலுநரும் ஒரே பக்கத்தில் ஒரே பாடத்தை எழுத முயலும்போதுதான் இது அவர்கள் கண்ணில் படும். பாடநூலில் இருப்பதை அப்படியே நடத்தப் பழகிய கைக்கு, இந்தப் பாடம் ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு என்று கேட்கும் பழக்கம் இந்த இடத்தில் பிறக்கிறது. விரிவுரை மண்டபத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது பயிற்சியளிப்போருக்குத் தெரியும்.

டொக்ஸில் என்னென்ன பிழை வரலாம்? முதலாவது, பெயர். ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்று திறந்துவிட்டால், கணினியில் கணக்குக்குள் நுழையாமல் வருபவர் அநாமதேய விலங்கின் பெயரில் தெரிவார். எவர் எதை எழுதினார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது, புள்ளி வழங்கவும் முடியாது. 24 மின்னஞ்சல் முகவரிகளையும் முதல் வாரத்திலேயே வாங்கி, பெயர் குறித்து அனுமதி கொடுங்கள். கூட்டாளி சீனாவில் இருந்தால் கூகுள் அங்கே திறக்காது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துரு. ஆங்கிலப் பயிலுநருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பழகுபவர்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள தமிழாசிரியப் பயிலுநரோடு சேரும்போது இது தவறாமல் வரும். நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளம். அவற்றை டொக்ஸில் ஏற்றினால் தமிழ் போய், ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். மாற்றியபின் ‘ஸ்ரீ’, கிரந்த எழுத்துகள், மேற்கோள் குறிகள் ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், வழு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தட்டச்சு தெரியாதவர்கள் கூகுள் விசைப்பலகையில் பேசியே எழுதலாம். அதில் இலங்கைத் தமிழ் என்று தனித் தெரிவு உண்டு.

மூன்றாவதுதான் பெரியது, அது கருவியின் குறையுமல்ல. பரிந்துரை முறையைத் திறந்து கொடுத்ததும் அந்தப் பக்கத்துப் பயிலுநர் நம்மவரின் ஆங்கில இலக்கணத்தைத் திருத்தத் தொடங்குவார். நல்லெண்ணத்தில்தான் செய்வார். ஆனால் பக்கம் முழுவதும் நிறக் கோடுகளாகி, நம் பயிலுநர் அடுத்த வாரம் எழுதவே மாட்டார். நம் பக்கத்திலிருந்து போகும் பின்னூட்டமோ ‘நன்று’, ‘மிக அருமை’ என்று மரியாதையோடு நின்றுவிடும். இரண்டும் பயிற்சியாகாது. இதற்கு ஒரே ஒரு விதி போதும்: ஒவ்வொரு கருத்தும் பாடக்குறிப்பின் ஒரு குறிப்பிட்ட வரியைத் தொட்டு, பிள்ளையைப் பற்றிய ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். ‘இந்த அறிவுறுத்தலை 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் எப்படிக் கொடுப்பீர்கள்?’ ‘புரொஜெக்டர் இல்லாவிட்டால் இந்தப் படம் எங்கே?’ இலக்கணத் திருத்தம் கேட்டால் மட்டும், கடைசி வாரத்தில் மட்டும். இந்த விதியைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

பேட்லெட் ஒரு மின்சுவர். முதல் நான்கு வாரத்துக்கு இதைவிட இலகுவானது இல்லை. பயிலுநர் கணக்குத் திறக்க வேண்டியதில்லை; இணைப்பைத் தொட்டால் சுவர் திறக்கும், கூட்டல் குறியைத் தொட்டால் எழுதலாம், படம் ஒட்டலாம், குரல் பதியலாம். கணக்கில்லாமல் எழுதுபவர் பெயரின்றித் தெரிவார் என்பதால், ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் பெயரும் ஊரும் எழுதச் சொல்லுங்கள். இலவசக் கணக்கில் ஒரே நேரத்தில் மூன்று சுவர்தான் வைத்திருக்கலாம். அந்த எண்ணிக்கை நிறுவனத்தின் கையில் இருப்பதால், தொடங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத் திட்டத்துக்கு மூன்று போதும்: அறிமுகச் சுவர், சொற்சுவர், பாடங்களைக் காட்சிக்கு வைக்கும் சுவர்.

சொற்சுவர்தான் இதில் பொன். குல்துரா முறையை ஆசிரியத் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். ‘பிழை’, ‘அமைதியான வகுப்பு’, ‘நல்ல ஆசிரியர்’, ‘வீட்டுவேலை’, ‘தாய்மொழி’ என்ற ஐந்து சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். எல்லாரும் மனதில் உடனே வரும் மூன்று சொற்களைத் தம் மொழியிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் தர வேண்டும். ‘அமைதியான வகுப்பு’ என்பதற்கு ஒரு பக்கம் ஒழுங்கு, மரியாதை என்றும், மறுபக்கம் பயம், சலிப்பு என்றும் வந்து நின்றால், குழுப் பேச்சு ஆங்கிலத்தில் தானாகவே ஓடும். சரி பிழை சொல்ல வேண்டாம். ‘ஏன் உங்கள் நிரலில் இந்தச் சொல்?’ என்று ஆளுக்கு இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பயிலுநர் குழுவென்றால் இன்னும் சுவை. இங்கே ‘பாண்’, அங்கே ‘ரொட்டி’. மட்டக்களப்பின் ‘மறுகா’ (பிறகு) என்ற சொல்லைப் பாடநூல் தமிழ் எந்த இடத்தில் வைக்கிறது, பேச்சுத்தமிழை வகுப்புக்குள் எவ்வளவு விடலாம் என்ற கேள்வி தானாக எழும். இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிப்பவருக்கு அது முதன்மையான கேள்வி.

பேட்லெட்டின் பலவீனம், சுவர் நீளும்போது வருகிறது. 24 பேரும் படம் ஏற்றிய பக்கம் பழைய கைபேசியில் இழுத்து இழுத்துத்தான் திறக்கும். படத்தை ஏற்றுமுன் சிறிதாக்கச் சொல்லுங்கள், அல்லது வட்ஸ்அப்பில் தனக்கே ஒருமுறை அனுப்பிவிட்டு அந்தப் பிரதியை ஏற்றினால் அளவு தானாகக் குறைந்திருக்கும். நீண்ட உரையாடலுக்கு இந்தச் சுவர் ஏற்றதல்ல, பதிலுக்குப் பதில் போனால் யார் யாருக்குச் சொன்னார் என்பதே தெரியாமல் போகும்.

வட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லார் கையிலும் இருக்கிறது, சிக்னல் மெலிந்தாலும் செய்தி போய்ச் சேரும், ஒரு நிமிடக் குரல்பதிவு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. நினைவூட்டலுக்கும் குரல்வழி உச்சரிப்புப் பயிற்சிக்கும் நல்லது. ஆனால் குழுவில் சேரும் எல்லாருக்கும் எல்லாருடைய தொலைபேசி இலக்கமும் தெரியும். நம் பகுதியில் பெண் பயிலுநர் பலர் இதற்காகவே தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. அதை ‘கூச்சம்’ என்று தள்ளிவிட வேண்டாம். ஐரோப்பியக் கல்லூரிகள் சில 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வட்ஸ்அப்பை மறுக்கவும் கூடும். நாடு கடந்த குழுவை டெலிகிராமில் இலக்கத்தை மறைத்து வைத்துக்கொண்டு, வட்ஸ்அப்பை நம் பக்கத்து 12 பேருக்குள் மட்டும் வைத்திருப்பதே எங்கள் பரிந்துரை. இன்னொன்று: வேலை முழுவதும் அரட்டைக்குள் நடந்துவிட்டால் பயிற்சியாளர் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. முடிவெடுத்ததை அன்றே டொக்ஸில் ஒரு வரி எழுதி வைக்கும் பொறுப்பை ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குக் கொடுங்கள்.

இனி ஸூம். இலவசக் கணக்கில் 100 பேர் வரை, 40 நிமிடம். நம் பாடவேளையும் ஏறக்குறைய அந்த அளவுதான், எனவே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவதுபோல் இதையும் நிமிடக் கணக்கில் திட்டமிடுங்கள். சிறு குழு அறைகளாகப் பிரிக்கும் வசதி இலவசத்திலும் உண்டு. கூகுள் மீட் 60 நிமிடம் தந்தாலும் இலவசக் கணக்கில் அந்தப் பிரிப்பு இல்லை, குழுவேலைக்கு அது பெரிய இழப்பு. 2020இல் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடியபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு ஸூம் வசதி செய்து கொடுத்தது. பல்கலைக்கழகக் கணக்கு கையில் இருந்தால் நேரக் கட்டுப்பாடு பற்றிய கவலை வேண்டாம்.

கவலை டேட்டாதான். குழு வீடியோ அழைப்புக்கு ஸூம் குறிப்பிடும் வேகம் மேலேற 1 மெகாபிட், கீழிறங்க 600 கிலோபிட். அப்படியே 40 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 480 மெகாபைட். குரல் மட்டுமென்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும், அதே 40 நிமிடம் 50 மெகாபைட்டுக்குள் முடியும். பத்து மடங்கு வித்தியாசம். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் முகம் காட்டி வணக்கம் சொல்லட்டும், பிறகு வீடியோவை நிறுத்திக் குரலில் பேசட்டும். இந்த ஏற்பாட்டைக் கூட்டாளிக் கல்லூரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புச் சதுரங்களைப் பார்த்து நம்மவர்களுக்கு ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். எட்டு வாரத்துக்கு மூன்று கூட்டம் போதும்: இரண்டாம், ஐந்தாம், எட்டாம் வாரங்களில். கூட்டத்தை நடத்தும் கணக்கை மின்வெட்டு குறைந்த பக்கத்தில், பெரும்பாலும் அவர்கள் பக்கத்தில், வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாது, ஐரோப்பாவினுடையது பங்குனி கடைசி ஞாயிறிலும் ஐப்பசி கடைசி ஞாயிறிலும், அதாவது மார்ச், ஒக்டோபர் மாத இறுதியில் மாறும். இங்கே பி.ப. 4.00 என்றால் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கோடையில் 12.30, குளிரில் 11.30. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு இங்கே இரவு 7.30 என்றால் கோடையில் காலை 10.00, குளிரில் 9.00. அமெரிக்கா கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஆகவே மார்ச்சில் சில வாரங்கள் மூன்று நாட்டுக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது. சிங்கப்பூர், மலேசியா நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அங்கே மாற்றமே இல்லை. இரவு 7.30 கூட்டத்தை ஒலுவில் போன்ற இடங்களில் வைக்கும்போது மஃரிப், இஷா தொழுகை நேரத்தையும், விடுதிப் பெண் பயிலுநரின் இரவுக் கட்டுப்பாட்டையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கருவியைத் தாண்டி இரண்டு விஷயம் திட்டத்தையே கவிழ்க்கும். ஒன்று நாட்காட்டி. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வருகிறது, அப்போது முஸ்லிம் பாடசாலைகள் மூடியிருக்கும். சித்திரைப் புத்தாண்டு, பரீட்சைக் கடமை, கார்த்திகை தொடங்கித் தை வரை மழையும் வெள்ளமும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கோடைப் பருவ விரிவுரைகள் சித்திரை நடுவில் தொடங்கி ஆடி வரை ஓடும். எனவே மே, ஜூன் இரு பக்கத்துக்கும் ஒத்துவரும். கல்வியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக் கட்டுறுப் பயிற்சியில் இருப்பவர்களை எடுப்பது இன்னும் நல்லது. எழுதிய பாடத்தை அந்த வாரமே உண்மையான வகுப்பில் நடத்திப் பார்க்கலாம். நடத்தியதைப் படம் பிடித்தால் பிள்ளைகளின் முகம் தெரியக்கூடாது. அதிபரின் எழுத்து அனுமதியில்லாமல் எந்தக் காணொளியும் சுவரில் ஏறக்கூடாது. கரும்பலகையின் படமும் பிள்ளைகள் எழுதிய இரண்டு கொப்பிப் பக்கங்களும், பெயரை மறைத்து, பின்னூட்டத்துக்குப் போதும்.

மற்றது புள்ளி. அந்தப் பக்கத்துப் பயிலுநருக்கு இது பாடநெறியின் பகுதி, புள்ளி உண்டு. நம் பக்கத்தில் இது பெரும்பாலும் ‘விருப்பமானவர்கள் சேரலாம்’. ஐந்தாம் வாரம் வரும்போது ஒருவர் அவசரப்படுவார், மற்றவர் மறைந்துவிடுவார், பிறகு பழி சுமத்துவார்கள். இருக்கும் மதிப்பீட்டுச் சட்டகத்துக்குள்ளேயே, ஒரு ஒப்படைக்குப் பதிலாக இந்தக் கூட்டுப் பாடக்குறிப்பை ஏற்றுக்கொள்ளும்படி பீடாதிபதியிடமோ துறைத் தலைவரிடமோ தொடங்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் எட்டு வாரத் திட்டத்தைத் தொடங்க வேண்டாம், முதல் நான்கு வாரத்தை மட்டும் நடத்துங்கள்.

எட்டாம் வாரத்தின் கடைசி வேலை, எல்லாவற்றையும் இறக்கி வைப்பது. காணொளிப் பதிவுக்காக உலகெங்கும் ஆசிரியர்கள் நம்பியிருந்த ‘பிளிப்’ தளத்தை மைக்ரோசொப்ட் 2024 ஜூலை 1இல் தனிச்சேவையாக நிறுத்திவிட்டது. இலவசச் சேவை எதற்கும் இது நடக்கலாம். பேட்லெட் சுவர்களை பிடிஎப் ஆகவும், பதிவுகளை எக்செல் தாளாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். டொக்ஸ் கோப்புகளைக் கருத்துகளோடு சேர்த்து வேர்ட் வடிவில் இறக்குங்கள், பிடிஎப் ஆக எடுத்தால் ஓரத்துக் கருத்துகள் விடுபட்டுப் போகும். ஒரு பிரதி கல்லூரி நூலகத்தின் வன்தட்டில், ஒரு பிரதி துறையின் பென்டிரைவில். அடுத்த அணியின் முதல் வாரத்தை இந்தக் கோப்புகளிலிருந்தே தொடங்கலாம்.